நிற்கிற டிராக்டருக்கும் பிரேக் வேண்டும்

மேட்டில் டிராக்டரை நிறுத்தினால் டிரைவர் இறங்கியதும் தேடுவது ஒரு கருங்கல்லைத்தான். அதைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். கைப்பிரேக் என்று ஒன்று வண்டியில் இருப்பதே பலருக்கு நினைவில் இல்லை. "ஓடுகிற வண்டிக்குத்தானே பிரேக் வேண்டும்?" என்று கேட்கும் அன்பர்களும் உண்டு. ஆளில்லாமல் நிற்கிற வண்டிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். காலி டிராக்டரே சுமார் 2 டன் எடை. நம் நிலங்களிலோ வாய்க்கால் கரைச் சரிவும், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறும் பக்கத்திலேயே இருக்கின்றன.

கியரில் போட்டு நிறுத்தினால் போதாதா என்பார்கள். போதாது. என்ஜின் தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்த வண்டி, கியரில் இருந்தாலும் சரிவில் மெல்ல நகரும். பஞ்சருக்காக ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால், டிபரென்ஷியல் இருப்பதால் தரையில் உள்ள மற்ற சக்கரம் உருண்டுவிடும். களத்தில் திரஷர் ஓடும்போது கியரே போட முடியாது. என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் பெண்களும் பிள்ளைகளும் நிற்பார்கள். அந்த நேரத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது கைப்பிரேக் ஒன்றுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாட்டரி போன வண்டியைக் காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றே இரவில் சரிவில் நிறுத்துகிறார்கள். பகலில் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்று என்ஜினை அணைக்காமலே இறங்கிப் போகிறார்கள். ஆகவே பாட்டரியைச் சரி செய்யாமல் கைப்பிரேக்கைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை.

நம் வண்டிகள் பலவற்றில் கைப்பிரேக்குக்கென்று தனி பிரேக் கிடையாது. கால் பிரேக்கையே அது இழுத்துப் பிடித்து வைக்கிறது. எனவே கால் பிரேக் தேய்ந்தால் இதுவும் போச்சு. சேற்று உழவு செய்யும் வண்டியில், உலர் டிஸ்க் பிரேக்குக்குள் தண்ணீரும் சேறும் புகும். ஆயில் சீல் கெட்டால் எண்ணெய் கசிந்து லைனிங்கில் படியும். சீலை மாற்றாமல் புது லைனிங் போடுவது வீண் செலவு. எண்ணெய்க்குள்ளேயே இயங்கும் பிரேக் உள்ள வண்டிகளில் சேறு உள்ளே போகாது, தேய்மானமும் குறைவு. பழைய டிராக்டர் வாங்குவோர் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். கையில் உள்ள வண்டியை அப்படி மாற்றுவதானால், அந்த மாடலுக்குக் கம்பெனியே பாகங்கள் தந்தால் மட்டும் மாற்றுங்கள். வெல்டிங் வைத்து ஒப்பேற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அநேகமாக அவ்வளவு தூரம் போக வேண்டியிராது. இரண்டு பெடலின் ஆட்டமும் சமமாக இருக்கிறதா, கைப்பிரேக் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, லீவரின் பற்கள் தேய்ந்து நழுவுகிறதா என்று முதலில் பாருங்கள். இவை சில்லறைச் செலவு. லைனிங் மாற்றினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டிரெய்லர் தனிக்கதை. கரும்பு ஏற்றிய டிரெய்லரைச் சரிவில் டிராக்டரின் கைப்பிரேக் மட்டும் தாங்கும் என்று நம்ப வேண்டாம். புதிதாக டிரெய்லர் கட்டும்போது அதற்கென்று ஒரு கைப்பிரேக் வைக்கச் சொல்லுங்கள். உருண்டைக் கல்லுக்குப் பதில், ஆப்பு வடிவில் அறுத்த இரண்டு மரக்கட்டைகள் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

புதுக் கருவி வாங்க அரசு மானியம் தருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளின் பிரேக்கைப் புதுப்பிக்கவும் ஏதாவது உதவி வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை உழவுப் பருவத்துக்கு முன் ஊர்தோறும் சோதனை முகாம் நடத்தினால் நல்லது.

சொந்த டிராக்டர் இல்லாத சிறு விவசாயி, இது நமக்கு எதற்கு என்று இருந்துவிடக் கூடாது. மணிக்கணக்கில் வாடகை கொடுப்பவர் நீங்கள். நிலமும் கிணறும் உங்களுடையவை. சோதனை எளிது. கிணறும் ஆட்களும் இல்லாத சின்னச் சரிவில் பெடல்கள் இரண்டையும் கொக்கியால் இணைத்து, நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, சீட்டில் இருந்தபடியே காலை எடுக்கச் சொல்லுங்கள். மேடு பார்த்து ஒரு தடவை, பள்ளம் பார்த்து ஒரு தடவை. நகர்ந்தால் அன்றைக்கு உழவு வேண்டாம். வண்டி பட்டறைக்குப் போகட்டும்.