கட்டில் ஓரத்தில் பாட்டு வாத்தியார்

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் பழம் வாங்கிப் போவார்கள். பொம்மை வாங்கிப் போவார்கள்.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கிதாரோடு சிலர் போகிறார்கள். வர்ணப் பெட்டியோடு சிலர், காமிராவோடு சிலர். வேடிக்கை காட்டவா? இல்லை, பாடம் நடத்த!

"ஸ்னோ சிட்டி ஆர்ட்ஸ்" என்பது அவர்களுடைய சங்கத்தின் பெயர். 1998-ம் ஆண்டு தொடங்கியது. சித்திரம், சங்கீதம், நாடகம், கதை எழுதுதல், சினிமா எடுத்தல் ஆகியவற்றில் தேர்ந்த கலைஞர்களே இதில் ஆசிரியர்கள். நாற்காலியைக் கட்டில் அருகே இழுத்துப் போட்டுச் சொல்லிக் கொடுப்பார்கள். பள்ளிப் பாடத்திட்டத்தை ஒட்டியே வகுப்புகளை அமைத்தார்கள். பெற்றோர் காசு தர வேண்டியதில்லை. ஏழைகளுக்கு வைத்தியம் செய்யும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் இந்த வகுப்பைக் கொண்டு போனார்கள்.

இப்போது எதற்குப் படிப்பு?

"உயிருக்குப் போராடும் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு?" என்று யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

பதில் வைத்தியத்திலேயே இருக்கிறது. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோயை எடுத்துக் கொள்வோம். 1960-ம் ஆண்டு வாக்கில் அந்த நோய் வந்தால் 100 குழந்தைகளில் 10 பேர் பிழைப்பதே அபூர்வம். இன்று பணக்கார நாடுகளில் 90 பேர் அளவுக்குப் பிழைக்கிறார்கள்.

ஆனால் சிகிச்சை 2 அல்லது 3 ஆண்டுகள் நீடிக்கிறது. 7 வயதில் படுத்த பிள்ளைக்குச் சிகிச்சை முடியும்போது 9 வயதோ 10 வயதோ ஆகிவிடும். கூடப் படித்தவர்கள் எங்கேயோ போயிருப்பார்கள்.

அந்தக் காலத்தில், "இருக்கிற வரை சிரிக்கட்டும்" என்று பொம்மை கொடுத்தார்கள். இப்போது பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வருகிறது. அதற்குப் பொம்மை போதாது.

சரி, கணக்கு வாத்தியார் போதாதா? அவரும் வேண்டும். பல ஆஸ்பத்திரிகளில் அவரும் இருக்கிறார். ஆனால் நோயாளிக் குழந்தையின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். எப்போது ஊசி, எப்போது சாப்பாடு, எப்போது விளக்கை அணைப்பது... எல்லாம் பிறர் வைத்த சட்டம். நர்சு ஊசியோடு வந்தால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. சித்திர வாத்தியாரிடம் சொல்லலாம்! அவர் கோபிக்காமல் எழுந்து போய்விடுவார். "வா" என்றால் உட்காருவார். மரத்துக்கு நீலம் பூசுவதா, பச்சை பூசுவதா? அதையும் குழந்தையே முடிவு செய்யும்.

தும்மினால் வகுப்பு இல்லை

இந்த வாத்தியார் வேலை லேசானதல்ல. புற்றுநோய் மருந்து ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். அப்போது சாதாரண சளி பிடித்தாலும் ஆபத்து. ஒரு குழந்தை தொட்ட களிமண்ணை இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. கிதாரைக் கிருமி நாசினியால் துடைத்த பிறகே அடுத்த அறைக்குக் கொண்டு போகலாம். ஆசிரியர் தும்மினால் அன்று வகுப்பு இல்லை. வலது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தால் இடது கையால் வரைய வேண்டும். பாதிப் பாட்டில் எக்ஸ்ரே எடுக்கக் கூப்பிடுவார்கள்!

நாளைக்கு அந்தப் பிள்ளை வேறு வார்டுக்குப் போயிருக்கலாம். ஆகவே அன்றைய பாடத்தை அன்றே ஒரு முடிவுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும்.

இதனால் நோய் தீருமா? தீராது. சங்கீதமே மருந்து என்று சிலர் அளப்பதை நம்ப வேண்டாம். ஊசி போடும்போது பாட்டுக் கேட்டால் பயமும் வலியும் ஓரளவு குறைகிறது என்பதை டாக்டர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

பிழைக்காத குழந்தைகளும் உண்டு. அவர்கள் பாடிப் பதிவு செய்த பாட்டும் வரைந்த படமும் தாய் தகப்பனிடம் இருக்கும். மறுநாள் வரும் ஆசிரியர் காலிக் கட்டிலைப் பார்ப்பார். பிறகு அடுத்த அறைக்குப் போக வேண்டும்.

பணம் யார் தருவது?

மருந்துக்குப் பில் உண்டு. பாட்டு வகுப்புக்குப் பில் கிடையாது. நன்கொடையை வைத்துத்தான் காரியம் நடக்கிறது. நன்கொடை குறைந்தால் வாத்தியார்களும் குறைவார்கள்.

உலகம் முழுவதும் ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பணக்கார நாடுகளில் அவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமாகிறது. ஏழை நாடுகளிலோ 30 பேருக்கும் குறைவு. அங்கே முதல் கவலை மருந்து. கிதாரைப் பற்றிப் பேசினால் ஆடம்பரமாகத் தோன்றும்.

ஆனால் மருந்து வந்து சேர்ந்தால் அங்கேயும் பிள்ளைகள் பிழைப்பார்கள். படிப்பை விட்ட இடத்தில் தொடங்க வேண்டியிருக்கும். காகிதமும் வர்ணக் குச்சியும் அதிக விலை இல்லை. செலவெல்லாம் ஆசிரியரின் சம்பளத்துக்குத்தான். சம்பளம் வாங்காமல் ஆர்வத்தோடு வருகிறவர்கள் ஒரு மாதம் வருவார்கள், இரண்டு மாதம் வருவார்கள். பிள்ளையின் சிகிச்சையோ இரண்டு வருஷம் நீடிக்கிறது.