கலரை மாத்தினா மட்டும் கண்ணாடி ஆகாது

திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூம்ல லெகோ வாங்கி அடுக்கக் காசும் இல்லை, இடமும் இல்லை. ஆனா எல்டிரா இருக்கு. 1995-ல் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஜெசிமன் தொடங்கியது; லெகோ பாகங்களின் இலவச டிஜிட்டல் நூலகம். நீங்களும் ஒரு பாகம் வரைஞ்சு அனுப்பலாம்.

தயவுசெய்து, சாதா பிரிக்கோட ஃபைலை எடுத்து, கலரை மட்டும் மாத்தி ‘ட்ரான்ஸ்பரன்ட்’னு சொல்லாதீங்க. 1×2 சாதா பிரிக்கை (3004) கவிழ்த்தா, உள்ளே நடுவுல ஒரு மெல்லிய தூண் இருக்கும். கண்ணாடி மாதிரி வர்ற பிரிக்ல (3065) அது கிடையாது. அதான் நம்பரே வேற! சாதா பிரிக்குக்குள்ள ரெண்டு பரப்பு ஒண்ணோட ஒண்ணு மோதி நின்னாலும் வெளியே தெரியாது. இதுல அப்படியே தெரியும். ரெண்டர் அழகா இருந்தா மார்க் வாங்கிடலாம்னு கேட் லேப்ல பழகின நமக்கு இது கஷ்டம்தான்.

தெரிஞ்ச வீட்டுக் குழந்தைகிட்ட ஒரு பிரிக் கடன் வாங்குங்க. வெர்னியரை உள்பக்கமும் வைங்க. எல்டிரால ஒரு யூனிட் 0.4 மி.மீ.