வெளிச்சம் என்னும் சாக்கு

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தம்முடைய புது நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். யுத்தகளம், நள்ளிரவு. பீரங்கிக் குண்டொன்று ஆகாயத்தில் வெடித்துச் சிதறுகிறது. 'பாஸ்பரஸ் ஒளி'யில் ஊரே பட்டப்பகலாகிறது. அந்த ஒளியை ஒன்றரைப் பக்கம் வர்ணித்திருந்தார்.

"பாஸ்பரஸ் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எங்கேயோ படித்ததுதான். கதைக்கு அது எதற்கு, ஐயா?" என்றார்.

கதைக்கு அது வேண்டும் என்பதே என் கட்சி. தெரியாதவன் சும்மா இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தெரியாமலே வர்ணிப்பவனால் நஷ்டம் உண்டு.

அமெரிக்க ராணுவத்தின் 155 மில்லிமீட்டர் பீரங்கிக்கென்று எம் 485 என்ற வெளிச்சக் குண்டு இருக்கிறது. எடை ஏறக்குறைய 40 கிலோ. அது வெடித்துச் சிதறுவதில்லை. உள்ளே இருப்பதைக் கொண்டுபோய் இறக்குவதுதான் அதன் வேலை. மூக்கில் நேரம் குறித்துவைத்த பியூஸ், குறித்த நொடியில் சிறிதளவு மருந்தைப் பற்றவைக்கிறது. அதன் அழுத்தம் குண்டின் அடிமூடியைப் பெயர்த்து, உள்ளே இருப்பதைப் பின்புறமாகத் தள்ளுகிறது. முதலில் ஒரு சின்னப் பாரசூட் வேகத்தைத் தணிக்கிறது; பிறகு பெரிய பாரசூட் விரிகிறது. அதன் கீழே தொங்கிக்கொண்டு எரிவது ஒரு மருந்துக் குழல். மெக்னீஷியத் தூள், அது எரியப் பிராணவாயு கொடுக்கும் சோடியம் நைட்ரேட், இரண்டையும் பிடித்துவைக்க ஒரு பசை, இவ்வளவுதான் மருந்து. நம் தீபாவளி மத்தாப்புக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். 600 மீட்டர் உயரத்தில் பற்றி, நொடிக்கு 5 மீட்டர் வீதம் இறங்கி, இரண்டு நிமிஷம் எரிகிறது. ஏறக்குறைய பத்து லட்சம் மெழுகுவர்த்திகளின் ஒளி. காலியான இரும்புக் கூடோ நிற்பதில்லை. முன்னேயே பறந்துபோய் விழுகிறது. அது யார் தலையில் விழும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இதில் வெளிச்சம் தருவது பாஸ்பரஸ் அல்ல. வெள்ளைப் பாஸ்பரஸ் அடைத்த குண்டு வேறு ஜாதி, அது புகைக்குண்டு. காற்றுப் பட்டதும் அந்தப் பாஸ்பரஸ் தானே பற்றி வெண்புகை கக்கும். அந்தப் புகை மறைப்பதற்கு, காட்டுவதற்கல்ல. உடம்பில் பட்டாலோ ஒட்டிக்கொண்டு, காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை எரியும்.

இந்த வித்தியாசம் தெரியாததால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். 2004 நவம்பரில் இராக்கின் பலூஜா நகரை அமெரிக்கப் படை தாக்கியது. பாஸ்பரஸைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, அந்நாட்டு வெளியுறவு இலாகா என்ன சொல்லிற்று? வெகு சொற்பமாகவே உபயோகித்தோம். அதுவும் இரவில் எதிரியின் இருப்பிடத்தைக் காண வெளிச்சத்துக்காக ஆகாயத்தில் சுட்டோம். ஆட்கள்மேல் அல்ல என்றது. ஆனால் அங்கே போரிட்ட அதிகாரிகளே, 2005 மார்ச்-ஏப்ரலில் தங்கள் பீரங்கிப் படைப் பத்திரிகையில், பதுங்குகுழிகளிலிருந்து ஆட்களை வெளியே விரட்டப் பாஸ்பரஸைச் சுட்டதாகவும், பிறகு வெடிகுண்டால் கொன்றதாகவும் எழுதினார்கள். 2005 நவம்பரில் இத்தாலியத் தொலைக்காட்சிப் படமொன்று வெளிவந்த பிறகே, எதிரிப் போராளிகள்மேல் தீ ஆயுதமாக உபயோகித்தது உண்மை என்று ராணுவத் தலைமையகம் ஒப்புக்கொண்டது. பொதுஜனங்கள்மேல் பிரயோகிக்கவில்லை என்று அப்போதும் சாதித்தது.

புகைக்குண்டை வெளிச்சக் குண்டு என்று சொன்ன வார்த்தை எப்படி மாதக்கணக்கில் நின்றது? கேட்டவர்களில் பெரும்பாலோர் என் நண்பரைப் போன்றவர்கள். பாஸ்பரஸ், ஒளி, சரிதானே என்று விட்டுவிட்டார்கள். ஒரு வெளிச்சக் குண்டின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அறிந்தவன் அன்றைக்கே சிரித்திருப்பான்.

அந்த வார்த்தையை யோசனையில்லாமல் பொறுக்கி எடுத்ததாகவும் நான் நம்பவில்லை. தீ ஆயுதங்களைப் பற்றிய 1980-ஆம் வருஷத்துச் சர்வதேச நெறிமுறை, தீ உண்டாவது தற்செயலாக இருக்கும் குண்டுகளைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. வெளிச்சக் குண்டும் புகைக்குண்டும் அந்த விலக்கில் அடக்கம். எதற்காகச் செய்தது என்று சட்டம் பார்க்கிறது. யாரை எரித்தது என்று பார்ப்பதில்லை. ஆகவே பெயர் சரியாக இருந்தால் போதும், பாதி வழக்கு ஜயித்த மாதிரி. எரிந்த தோலுக்கு இந்தப் பெயர் வித்தியாசம் தெரியுமா?

இலக்கியம் ரசாயனப் பாடமல்ல என்பார்கள். நானும் ரசாயனப் பண்டிதன் அல்ல. ஆனால் சொற்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிற நாமே ஒரு சொல்லைத் திறந்து பார்க்கச் சோம்பினால், சர்க்கார்கள் அதற்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கும்.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: "அந்தப் பாஸ்பரஸை அடித்துவிட்டு மெக்னீஷியம் என்று போடுங்கள். இல்லை, பாஸ்பரஸ்தான் வேண்டுமென்றால், ஒளியை விட்டுவிட்டு அதன் கீழே இருந்தவர்களைப் பற்றி அந்த ஒன்றரைப் பக்கத்தையும் எழுதுங்கள்."