பாப்பா வீட்டில் யாருக்கு இடம்?

கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையானாலும் சரி, மும்பை கிராஃபோர்ட் மார்க்கெட்டின் கூண்டுக் கடைகளானாலும் சரி, பல சமயம் பேரத்தை முடித்து வைப்பது அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வயது வாண்டுதான். அதன் விரல் எந்தப் பக்கம் நீளுகிறதோ அந்த ஜீவன் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வீட்டுக்கு வந்து சேர்கிறது. தொல்லை மறுநாள் திங்கட்கிழமை தொடங்குகிறது. அப்பா ஆபீசுக்குப் போய்விடுகிறார், அம்மாவும் போய்விடுகிறார். முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டியின் பொறுப்பில் இப்போது இரண்டு குழந்தைகள்.

ஆகவே எந்தப் பிராணி என்று யோசிப்பதற்கு முன் வீட்டில் யார் அதற்குப் பொறுப்பு என்று முடிவு செய்தாக வேண்டும். தீனி, தண்ணீர், நடைப்பயிற்சி, மலம் அள்ளுவது, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் பெரியவர் ஒருவரின் வேலை. மூன்று வயதுப் பிள்ளைக்குப் 'பொறுப்பு கற்றுக்கொடுக்க' நாய் வாங்குகிறோம் என்பவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். அந்த வயதில் வாலைப் பிடித்து இழுத்தால் நாய்க்கு வலிக்கும் என்பதே பிள்ளைக்குப் பிடிபடுவதில்லை. கண்ணைக் குத்தும், சோற்றுத் தட்டில் கையை விடும். நாய்க்குப் பதில் சொல்ல இருப்பது பல் மட்டுமே. குழந்தையின் முகமோ நாயின் வாய்க்கு நேர் உயரத்தில் இருக்கிறது. சின்னக் குழந்தைகளை வீட்டு நாயும் தெரிந்தவர் வீட்டு நாயும்கூடக் கடிப்பதுண்டு. 'எங்கள் ஜாதி நாய் கடிக்கவே கடிக்காது' என்று விற்பவர் தரும் உத்தரவாதத்துக்கு மதிப்பில்லை.

நாய்தான் வேண்டும் என்றால், குட்டியைவிட நிதானமான வளர்ந்த நாய் நல்லது. குட்டிக்கு முதல் ஆறு மாதம் பல் முளைக்கும் காலம். ஓடும் கால், தொங்கும் பாவாடை எல்லாவற்றையும் கவ்வும். தடுப்பூசிகளும் முடிந்திருக்காது. குழந்தைகளோடு ஏற்கெனவே பழகிய இரண்டு, மூன்று வயது நாய் கிடைத்தால் அதன் குணம் முன்கூட்டியே தெரிந்துவிடும். பிராணி நலக் காப்பகங்களில் இருக்கும் நம் நாட்டு நாய்கள் இந்த வெயிலுக்குப் பழகியவை. பரம்பரை நோய்களும் குறைவு. லாப்ரடார் சாது, ஆனால் 30 கிலோ எடை. அதன் வால் ஒரு வீச்சு வீசினால் பாப்பா தரையில் விழும். 2003இல் ஒரு செல்போன் விளம்பரம் பிரபலமாக்கிய பக் நாய், தட்டை மூக்கால் மே மாத வெயிலில் மூச்சுக்குத் திணறும். பனிப் பிரதேசத்து ஹஸ்கியை டெல்லியின் அடுக்கு மாடியில் அடைப்பது கொடுமை. குட்டிதான் வாங்குவது என்றால் எட்டு வாரம் ஆகாததை விற்பதற்கு 2017ஆம் ஆண்டின் விதிகள் தடை போட்டிருப்பதை நினைவில் வையுங்கள்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாத விஷயம் ரேபிஸ். அறிகுறி தோன்றிய பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. ரேபிஸ் சந்தேகம் உள்ள பிராணிகளிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவிகிதம் பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் கணக்கில் தவறாமல் மறு ஊசிகள். தடுப்பூசி போட்ட சொந்த நாயே ஆனாலும், கடித்தாலும் பல் பட்டுக் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிளகாய்ப் பொடி, மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. பேசத் தெரியாத பிள்ளை கடிபட்டதைச் சொல்லாது. சாயங்காலம் குளிப்பாட்டும்போது உடம்பைப் பார்ப்பது பெரியவர் வேலை. வயிற்றுப் பூச்சி இன்னொரு தொல்லை. குட்டிகளிடமிருந்து மண் வழியாகக் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் அது போகும். நாய்க்குப் பூச்சி மருந்து, பிள்ளைக்குக் கை கழுவும் பழக்கம் இரண்டும் அவசியம்.

பூனை சிறிய ஃபிளாட்டுக்கு ஒத்துப்போகும். தொந்தரவு தாங்காவிட்டால் ஏறி உட்கார அலமாரி உச்சி இருந்தால் போதும். வழியில்லாமல் மாட்டிக்கொண்டால்தான் பிறாண்டும். வீட்டில் அடுத்த குழந்தைக்கான கர்ப்பிணி இருந்தால், பூனையின் மலம் மூலம் பரவும் டாக்சோபிளாஸ்மா கிருமி கருவைப் பாதிக்கலாம். அதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. மலத் தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்தால் போதும்; வெளியேறிய கிருமி தொற்றும் தன்மை பெற ஒரு நாளாவது ஆகும்.

முயலைப் பொம்மை என்று நினைத்துத் தூக்கும் குழந்தை கீழே போட்டால் அதன் முதுகெலும்பு முறிந்துவிடும். பச்சைக்கிளி வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜோசியக்காரரின் கிளிக்கும் விலக்கில்லை. நட்சத்திர ஆமைக்கும் இதே சட்டம்தான். நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் ஆஸ்திரேலியக் குருவிகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் கூண்டுத் தூசி மூச்சிரைப்புள்ள பிள்ளைக்கு ஆகாது. ரூபாய் நாணய அளவில் விற்கும் சிவப்புக் காது ஆமை ஓர் அடி வரை வளரும். அதன் மேலுள்ள சால்மோனெல்லா கிருமியால் குழந்தைகள் நோயுற்றதால், நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்கா 1975இலேயே தடை விதித்தது.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டுக்கு மீன் தொட்டி நல்ல ஆரம்பம். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம், அதில் மீன் தவிக்கும். மூடியும் ஃபில்டரும் உள்ள 40, 50 லிட்டர் தொட்டியில் சில கப்பி மீன்கள் போதும். ஸ்டாண்டு ஆடாமல் கனமாக இருக்கட்டும், ஒயர்கள் பிள்ளையின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிட்டிகை தீனி தூவுவதே அந்த வயதுக்குப் போதுமான பொறுப்பு.

வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிக்குத் தடை போட முடியாது என்று இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது.

நாய், பூனை எது வந்தாலும் மூன்று விதிகள். பிள்ளையையும் பிராணியையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. தின்னும்போதும் தூங்கும்போதும் தொடவிடக் கூடாது. பிள்ளை நுழைய முடியாத ஒரு மூலை பிராணிக்கு வேண்டும். நாய் உடம்பை விறைத்தால், முகத்தைத் திருப்பினால், திரும்பத் திரும்ப உதட்டை நக்கினால் 'போதும், விடு' என்று அர்த்தம். உறுமினால் அடிக்காதீர்கள், பிள்ளையை விலக்குங்கள். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

முடிவெடுக்க முடியவில்லையா? உறவினர் வீட்டு நாயோடு நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் பெரியவர்கள் பக்கத்திலிருக்கப் பழகிப் பாருங்கள். பிள்ளைக்குப் பயமா, தும்மலா, பெரியவர்களுக்குப் பொறுமை உண்டா என்பது தெரிந்துவிடும். அவசரப்பட்டு வாங்கிய குட்டி ஆறு மாதத்தில் தெருவுக்குப் போவதைவிட, பிள்ளைக்கு ஐந்து, ஆறு வயதாகும்வரை காத்திருப்பது இருவருக்குமே நல்லது.