கோட்டைத் தாண்டினால் ஃபவுல்

களியக்காவிளையில் வாங்கிய தேநீர் ஆறுவதற்குள் கேரளத்துக்கு நடந்து போய்விடலாம். நெய்யாற்றின்கரை வட்டமும் தமிழர் பகுதிதான் என்று கேட்டுப் போராடியது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. கால்பந்து மட்டும் பிரியவில்லை. சந்தோஷ் டிராபிக்குப் பல ஆட்டக்காரர்களைத் தந்த பொழியூர் கேரளக் கடலோரத்தின் தென்கோடி. அடுத்துள்ள நீரோடியும் தூத்தூரும் தமிழ்நாடு. பந்து என்றால் எல்லா ஊருக்கும் ஒரே பைத்தியம்.

ஆக, பாறசாலையில் ஜெர்சி கடை வைப்பவருக்கு இரு பக்கமும் வியாபாரம் நடக்க வேண்டும். இந்தப் பக்கம் தனுவச்சபுரம் கல்லூரி, அந்தப் பக்கம் மார்த்தாண்டம் கல்லூரிகள். திருப்பூர் சட்டை, மார்பில் கல்லூரிப் பெயர், முதுகில் எண். ஓர் அணிக்குப் பதினைந்து, இருபது உருப்படி.

குறுக்கே நிற்கிறது ஜி.எஸ்.டி. ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாய்க்குள் இருக்கும் துணிக்கடை பதிவு செய்யத் தேவையில்லை, சொந்த மாநிலத்துக்குள் விற்கும்வரை. பக்கத்து மாநிலத்துக்கு ஒரே ஒரு சட்டை விற்றாலும் பதிவு கட்டாயம். பிறகு மாதமோ காலாண்டோ கணக்குத் தாக்கல், அதற்கொரு கணக்கர். ஒன்றரைக் கோடி வரை விற்கும் வணிகர்களுக்கு 1 சதவீத வரியோடு முடியும் காம்போசிஷன் திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்தவர் வெளிமாநிலத்துக்கு விற்கவே கூடாது.

மாணவர்கள் கடைக்கே வந்து வாங்கிப் போனால்? 2023 அக்டோபர் முதல் அதிலும் சிக்கல். பதிவு இல்லாத வாடிக்கையாளருக்கு எழுதும் பில்லில் எந்த மாநில முகவரி இருக்கிறதோ, சரக்கு அங்கே விற்றதாகக் கணக்கு. முகவரி இல்லாவிட்டால் உள்ளூர் விற்பனை. விளையாட்டு நிதியில் பணம் தரும் கல்லூரி முகவரியில்லாத பில்லை ஏற்குமா? மார்த்தாண்டம் என்று எழுதிய கணமே, கல்லாவைவிட்டு நகராத சட்டை எல்லை தாண்டிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், சரக்கு விற்காமல் சேவை விற்பவர்களுக்கு 20 லட்சம் வரை இந்தக் கட்டாயம் 2017 அக்டோபரிலேயே நீங்கியது. மாணவன் கொண்டுவரும் சட்டையில் எண் அச்சிட்டால் சேவை. சட்டையையும் சேர்த்துக் கொடுத்தால் சரக்கு. சிறு கடைகளுக்கும் அதே வரம்பைத் தருவதில் கஜானா காலியாகிவிடாது. ஆன்லைன் தளங்களில் பதிவில்லாமல் விற்க 2023இல் வந்த அனுமதியும் சொந்த மாநிலத்தோடு சரி. பதிவு பெற்ற பெரிய கம்பெனியின் பார்சலோ பெங்களூரிலிருந்து கிளம்பி மார்த்தாண்டம் ஹாஸ்டல் வாசலில் இறங்குகிறது.