புயல் பறித்த ஏடுகள்

பார்படோஸில் 1930இல் பிறந்த கமாவ் பிராத்வெயிட், கவிஞராகவும் வரலாற்றாசிரியராகவும் ஒருசேர வாழ்ந்தவர். கேம்பிரிட்ஜில் வரலாறு படித்த அவர், கானாவில் கல்வித் துறையில் பணியாற்றினார். கடல் கடத்தப்பட்ட அடிமைகள் ஆப்பிரிக்காவைத் தங்கள் தாளத்திலும் பேச்சிலும் காத்துவந்ததை அந்த ஆண்டுகள் அவருக்கு உணர்த்தின.

ஜமைக்காவில் ஆண்டான்களும் அடிமைகளும் ஒரே மண்ணில் வாழ்ந்து, மோதி, புதியதொரு பண்பாடு உருவான கதையை 1971இல் ஆய்வு நூலாக்கினார். அதே வரலாற்றை ‘தி அரைவன்ட்ஸ்’ முத்தொகுதியில் கவிதையாக்கினார். கொச்சை என ஒதுக்கப்பட்ட கரீபிய மக்களின் ஆங்கிலத்தைத் ‘தேசமொழி’ என்று தலைநிமிரச் செய்தவரும் அவரே.

1988இல் கில்பர்ட் சூறாவளி ஜமைக்காவில் இருந்த அவருடைய வீட்டைத் தாக்கியது. வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் பெருமளவு அழிந்தன. அது தனிமனித இழப்பன்று. ஒரு மக்களின் நினைவுக்கு நேர்ந்த இழப்பு.

2020இல் பிராத்வெயிட் மறைந்தார். புயல்கள் ஓயப்போவதில்லை. எழுத்தாளர்களின் ஏடுகளைக் காப்பது அவரவர் வீட்டுப் பொறுப்பு என்று கரீபிய அரசுகளும் பல்கலைக்கழகங்களும் விட்டுவிடக் கூடாது. பாதுகாப்பான ஆவணக் காப்பகங்களே அவருக்குச் செய்யும் உண்மையான அஞ்சலி.