ஆளில்லாத தீவு என்று எழுதினார்கள்!

"அமெரிக்காக்காரன் எங்கே கப்பல் நிறுத்தினால் நமக்கென்ன?" என்று கேட்கும் தோட்டத்து நண்பர்களுக்கு, ஒரு தோட்டத்தின் கதையையே சொல்கிறோம்.

இந்துமாக்கடலின் நடுவே சாகோஸ் தீவுகள். அவற்றில் பெரியது டியேகோ கார்சியா. அங்கே தென்னைதான் தோட்டம், கொப்பரைதான் பிழைப்பு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர், பின்னால் கூலிக்கு வந்த இந்தியர் ஆகியோரின் வாரிசுகள், தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே பிறந்து மடிந்தவர்கள்.

சூயஸுக்குக் கிழக்கேயிருந்து பிரிட்டிஷ்காரன் மூட்டை கட்டத் தொடங்கிய காலம். சோவியத் கப்பல்களைக் கண்காணிக்கவும் வளைகுடா எண்ணெய்க்குக் காவலிருக்கவும் அமெரிக்காவுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. 1965-இல் மொரிஷியஸிலிருந்து இத்தீவுகளைப் பிரிட்டன் பிரித்தெடுத்தது. 1966-இல் ஒப்பந்தம். கைம்மாறாக, ஏவுகணைக் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் டாலர் தள்ளுபடி. அதுவும் ரகசியமாக!

கேட்டதோ ஆளில்லாத தீவு. அங்கே ஆள் இருந்தார்களே! அதற்கென்ன, "இவர்கள் ஊர்க்காரர்கள் அல்ல, ஒப்பந்தக் கூலிகள்" என்று காகிதத்தில் எழுதிவிட்டார்கள். 1967-இல் தோட்டத்தை அரசே வாங்கிற்று. மருத்துவத்துக்காக மொரிஷியஸ் போனவர்களைத் திரும்ப விடவில்லை. 1971-இல் தோட்டத்தை மூடி, அவர்கள் வளர்த்த நாய்களையும் புகையடித்துக் கொன்றார்கள். 1973-க்குள் 1,500 முதல் 2,000 பேர் வரை ஊரிழந்தார்கள்.

1991-இலும் 2003-இலும் ஈராக் மீதும், 2001-இல் ஆப்கானிஸ்தான் மீதும் குண்டு போட விமானங்கள் கிளம்பியது அந்தத் தென்னந்தோப்பு மண்ணிலிருந்துதான்.

பிரித்தெடுத்தது சட்டப்படி முறையல்ல என்று 2019-இல் அனைத்துலக நீதிமன்றம் கருத்துரைத்தது. 2025 மே மாதம் பிரிட்டனும் மொரிஷியஸும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி தீவுகள் மொரிஷியஸுக்கு. டியேகோ கார்சியா தளம் மட்டும் 99 ஆண்டுக் குத்தகைக்கு. மற்றத் தீவுகளில் மக்கள் குடியேறலாமாம், டியேகோ கார்சியாவில் மட்டும் முடியாதாம்! பேச்சு நடந்த மேசையில் அம்மக்களுக்கு ஒரு நாற்காலி போடவில்லை.

வல்லரசின் பாதுகாப்பு என்கிறார்களே, யாருக்குப் பாதுகாப்பு? கொப்பரை உடைத்தவனுக்கு ஒரு கூரைகூட மிஞ்சவில்லையே!

தோட்டத் துண்டாடலைக் கண்டவர்கள் நாம். பிறந்த மண்ணிலேயே சிவப்பு அடையாளக் கார்டோடு அலைந்தவர்களும் நம்மில் உண்டு. ஒரு மனிதனைக் காகிதத்தில் "தற்காலிகம்" என்று எழுதிவிட்டால், அவன் வீட்டைப் பிடுங்குவது சுலபம். ஆகவே தோழர்களே, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள். தோட்டப் பதிவேட்டில் நம்மை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று இன்றே கேளுங்கள்.